பதினாறு நிமிஷக் கச்சேரி

நமக்கு ஒரு மருமான் உண்டு. நியூயார்க் நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவான். வரும்போது வெறுங்கையோடு வரமாட்டான். மாமிக்குப் பாதாம் பருப்பு, குழந்தைகளுக்குச் சாக்லேட், நமக்கு முகக்ஷவரம் செய்துகொள்ளும் யந்திரம் என்று எதையாவது கொண்டு வருவது வழக்கம். (நம்மிடம் இப்போது அத்தகைய யந்திரங்கள் நான்கு இருக்கின்றன. முகம் ஒன்றுதான்.) சென்ற மார்கழியில் வந்தவன், நாம் எதிர்பார்த்த ஐந்தாவது யந்திரத்துக்குப் பதிலாக, ஒரு பெரிய கறுப்பு இசைத்தட்டையும் அதைச் சுழற்றுவதற்கு ஒரு பெட்டியையும் கொண்டு வந்து கூடத்தில் வைத்தான்.

"மாமா! நாற்பது வருஷம் கச்சேரி கேட்டவர் நீங்கள். இதைக் கேட்டு உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லவேண்டும்" என்றான்.

அபிப்பிராயம் என்று யாராவது கேட்டுவிட்டால் நமக்குப் பரம சந்தோஷம். கேட்காதவர்களுக்குக்கூட அதை வழங்கியிருக்கிறோம். ஒரு காலத்தில் அதற்காகவே ஒரு பத்திரிகையில் சன்மானமும் பெற்றுக்கொண்டிருந்தோம். ஆகையால் உடனே சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம்.

இசைத்தட்டின் உறையில் ஜான் கோல்ட்ரேன் என்பவருடைய பெயர் இருந்தது. 'வில்லேஜ் வான்கார்டில் நேரடியாக' என்பது தட்டின் பெயர். உறையின் முதுகில் ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை. வாத்தியம் ஸாக்ஸபோன். சங்கீதம் ஜாஸ்.

ஸாக்ஸபோன் என்றதும் நம் வீடுகளில் பலருக்குக் கல்யாண ஊர்வலத்துப் பாண்டு ஞாபகம் வரும். அதற்கு அடுத்தபடியாகக் காலஞ்சென்ற கத்ரி கோபால்நாத் ஞாபகம் வரும். மங்களூர்ப் பக்கத்து நாகஸ்வர வித்வான் ஒருவருடைய குமாரர் அவர். மைசூர் அரண்மனைப் பாண்டில் அந்த வாத்தியத்தைக் கண்டு மோகித்து, அதில் கர்நாடக சங்கீதத்தை வாசித்தே தீருவது என்று பிடிவாதமாகப் பல வருஷம் பாடுபட்டவர். 1994-ல் வெளியான 'டூயட்' என்ற படத்தைப் பார்த்தவர்கள் அவருடைய வாசிப்பை மறந்திருக்க மாட்டார்கள். 2019-ல் அவர் மறைந்தபோது, நாகஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளை ஸாக்ஸபோனை எடுத்துக்கொண்டதில் என்ன அதிசயம் என்று நமக்குத் தோன்றியது. இரண்டும் அவ்வளவு தூரத்து உறவு அல்ல. பெல்ஜிய தேசத்தில் பிறந்த அடால்ஃப் ஸாக்ஸ் என்பவர் 1846-ல் பாரிஸ் நகரத்தில் உரிமைப் பத்திரம் பெற்ற வாத்தியம் அது. உடம்பெல்லாம் பித்தளை, ஆனாலும் மேல்நாட்டார் அதை மர வாத்தியங்களின் குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். ஏனென்றால் அதன் நாதம் பிறப்பது பித்தளையில் அல்ல. வாயில் வைக்கும் நாணல் தகட்டில். நாகஸ்வரத்தின் சீவாளியும் நாணல்தான். நம்முடையதில் இரட்டை, அவர்களுடையதில் ஒற்றை. இரண்டு வாத்தியங்களிலும் குழல் மேலே குறுகிப் போகப்போக விரியும். ஸாக்ஸபோன் ஜாதியில் ஸொப்ரானோ என்று ஒன்று இருக்கிறது. அது வளையாமல் நேராக இருக்கும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் யாரோ பித்தளையில் நாகஸ்வரம் செய்துவிட்டார்கள் என்றே தோன்றும்.

கச்சேரி நடந்த இடத்தைப் பற்றி மருமான் வர்ணித்தான். நியூயார்க்கின் ஏழாவது அவென்யூவில் ஒரு சிவப்புக் கதவு. அதைத் திறந்தால் செங்குத்தாகக் கீழே இறங்கும் படிகள். படிகளின் அடியில் முக்கோண வடிவத்தில் ஒரு நிலவறை. நெருக்கி உட்கார்ந்தால் நூற்றிருபது பேர் கொள்ளும். இந்த அறைக்குத்தான் வில்லேஜ் வான்கார்ட் என்று பெயர். மாக்ஸ் கார்டன் என்பவர் 1935-ல் இதை இங்கே நடத்தத் தொடங்கினார். ஆரம்பத்தில் கவிதை படிப்பவர்களும் நாட்டுப் பாடல்காரர்களுமே வந்துகொண்டிருந்தார்கள். பிற்பாடு ஜாஸ் குடியேறிவிட்டது. 1957-ல் ஸானி ராலின்ஸ் என்ற மற்றொரு ஸாக்ஸபோன் வித்வான் அங்கே வாசித்ததைத் தட்டில் பதிந்த பிறகு, அந்த நிலவறையில் பதிவு செய்வது ஒரு பாக்கியம் என்றே ஆகிவிட்டது. நம் ஊர் சபைக் காரியதரிசி எவரிடமாவது அந்த அறையைக் காட்டினால், "காண்டீனுக்கு இது போதும், கச்சேரிக்கு எங்கே இடம்?" என்று கேட்பார்.

கோல்ட்ரேன் வட கரோலினா மாகாணத்தில் ஹாம்லெட் என்ற சிற்றூரில் 1926-ல் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் மாதாகோயில் போதகர். பன்னிரண்டாம் வயதிலேயே தகப்பனாரை இழந்தார். அந்த மாகாணத்தில் அக்காலத்தில் கறுப்பு ஜனங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், வண்டியில் தனி இடம் என்று சட்டமே போட்டிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு நாம் அமெரிக்கர்களைப் பார்த்து மூக்கின்மேல் விரல் வைக்க வேண்டியதில்லை. நாகஸ்வர வித்வான்கள் மேடையில் உட்காரக் கூடாது, நின்றுகொண்டுதான் வாசிக்கவேண்டும் என்று நம்மவர்களும் வைத்திருந்த காலம் உண்டு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை போன்ற ஒரு சிங்கம் பிறந்துதான் அதை மாற்ற வேண்டியிருந்தது.

கோல்ட்ரேன் இளமையில் போதைப் பழக்கத்தில் விழுந்து, 1957-ல் அதை உதறி எழுந்தவர். எழுந்தபின் சாதகத்தைத் தவிர அவருக்கு வேறு பழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. மைல்ஸ் டேவிஸ் என்ற பிரபல எக்காள வித்வானின் கோஷ்டியில் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது, தம் முறை வந்தால் லேசில் விடமாட்டாராம். "ஏனப்பா இத்தனை நேரம்?" என்று டேவிஸ் கேட்டாராம். "எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை" என்றாராம் இவர். "வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டால் நின்றுவிடும்" என்று பதில் வந்ததாம். இப்படி ஒரு கதை வழங்குகிறது. மருமான் இதைச் சொன்னபோது நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். நாற்காலியில் சாய்ந்துகொண்டு அன்று சிரித்த சிரிப்பு நமக்கு இப்போது அவ்வளவாக ரஸிக்கவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

1961-ம் வருஷம் நவம்பர் மாதம் முதல் வாரத்தில் நான்கு இரவுகள், ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவு நிபுணர் தம் யந்திரங்களைத் தூக்கிக்கொண்டு அந்த நிலவறையில் இறங்கினார். நான்கு இரவுகளில் பதிந்ததிலிருந்து மூன்றே உருப்படிகளைப் பொறுக்கி 1962-ல் தட்டாக வெளியிட்டார்கள். முதல் பக்கத்தில் இரண்டு, இரண்டாம் பக்கம் முழுவதும் ஒன்று.

முதல் பக்கத்தின் முதல் உருப்படிக்கு 'ஸ்பிரிச்சுவல்' என்று பெயர். அடிமைத்தளையில் கிடந்த கறுப்பு ஜனங்கள் பாடிய பக்திப் பாடல்களை அமெரிக்காவில் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். பியானோவும் கனத்த தந்தி வாத்தியமும் அடியில் சுருதிபோல் நிற்க, கோல்ட்ரேன் தாளத்தில் அடங்காமல் மெள்ள மெள்ளப் பாட்டைக் கொண்டு வந்து நிறுத்துகிறார். நம் வித்வான்கள் ராகத்தைத் தொடங்கும்போது ஒரு ஸ்வரத்தில் நின்று சபையை ஒரு பார்வை பார்ப்பார்களே, அந்த நிதானம். பிறகு எரிக் டால்ஃபி என்பவர் கீழ் ஸ்தாயிக் கிளாரினெட்டை எடுத்துக்கொள்கிறார். அந்த வாத்தியத்தில் அவர் வாசிப்பது சில இடங்களில் மனிதர் பேசுவது போலவும், சில இடங்களில் பறவை கத்துவது போலவும் இருக்கிறது. சிறு வயதில் பறவைகளோடு சேர்ந்து வாசித்துப் பழகியதாக அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறாராம். பாவம், 1964-ல் பெர்லின் நகரத்தில் முப்பத்தாறு வயதில் அவர் இறந்துபோனார்.

அடுத்த உருப்படி 1928-ல் ஸிக்மண்ட் ராம்பெர்க் என்பவர் ஒரு நாடகத்துக்காக மெட்டமைத்த பாட்டு. லாகவமாகவும் சுகமாகவும் ஓடுகிறது. மக்காய் டைனர் என்ற இளைஞர் பியானோவில் முத்து முத்தாக உதிர்க்கிறார். அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயதுகூட நிறையவில்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த நம் வீட்டு அம்மாள், "இது பரவாயில்லையே!" என்று அபிப்பிராயம் தெரிவித்துவிட்டு உள்ளே போனாள். நாமும் தாராளமாகத் தலையை ஆட்டினோம்.

மருமான் தட்டைத் திருப்பிப் போட்டான்.

இரண்டாம் பக்கத்தை எப்படி வர்ணிப்பது? முன்னுரை கிடையாது. திடீரென்று கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் நுழைவது போல் ஸாக்ஸபோன் நுழைகிறது. பியானோக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இருப்பது மூன்று பேர்தான். கோல்ட்ரேன், தந்தி வாத்தியத்தில் ஜிம்மி காரிஸன், தோல் வாத்தியங்களில் எல்வின் ஜோன்ஸ். பாட்டு என்று தனியாக ஒன்று இல்லை. புளூஸ் என்று அவர்கள் சொல்லும் பன்னிரண்டு பகுதி கொண்ட ஒரு சுற்றுத்தான்; ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு தட்டு; ஆக நாற்பத்தெட்டு தட்டுக் கொண்ட ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆவர்த்தனத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டு, ஒரு சிறு பிடியை எடுத்துத் திருகுகிறார், உடைக்கிறார், தலைகீழாகக் கவிழ்க்கிறார், வீரிடுகிறார், உறுமுகிறார். நின்ற இடத்தில் நிற்காமல் அவர் அப்படியும் இப்படியும் திரும்பி வாசித்ததால், வான் கெல்டர் ஒலிவாங்கியோடு அவரைத் துரத்த வேண்டியதாயிற்றாம். 'சேஸிங் தி ட்ரேன்' என்று உருப்படிக்குப் பெயர் வந்தது அதனால்தான் என்கிறார்கள். ட்ரேன் என்பது கோல்ட்ரேனைச் சிநேகிதர்கள் அழைத்த செல்லப் பெயர்.

இந்த ஓட்டம் ஏறக்குறையப் பதினாறு நிமிஷம் நடக்கிறது. முதல் நாள் நாம் எத்தனை நிமிஷம் கேட்டோம் என்றால், ஆறு. ஆறாவது நிமிஷத்தில் எழுந்து, காபி ஆயிற்றா என்று விசாரிப்பதற்காகச் சமையலறைக்குப் போனோம். திரும்பி வந்தபோது தட்டு முடிந்து ஊசி வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

"எப்படி, மாமா?" என்றான் மருமான்.

"முதல் பக்கம் பேஷ்! இரண்டாம் பக்கம் வெறும் சத்தம். மனிதருக்கு மூச்சு இருக்கிறது, விவஸ்தை இல்லை. நிறுத்தத் தெரிய வேண்டாமா?" என்றோம்.

மருமான் கோபித்துக்கொள்ளவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீங்கள் ஆறு நிமிஷந்தான் கேட்டீர்கள், மாமா."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் காபி தொண்டையில் இறங்கவில்லை. ஏன் என்று சொல்வதற்குமுன் அமெரிக்க விமரிசகர்களின் கதையைச் சொல்லிவிடுகிறோம். நம்மைப் போன்ற மகான்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் ஓர் ஆறுதல் இருக்கிறதல்லவா?

அந்த நான்கு இரவுகள் முடிந்து மூன்று வாரங்கூட ஆகவில்லை. 'டவுன் பீட்' என்ற பிரபல சங்கீதப் பத்திரிகையில் ஜான் டைனன் என்ற விமரிசகர், கோல்ட்ரேனும் டால்ஃபியும் வேறோர் ஊரில் வாசித்ததைக் கேட்டுவிட்டு, இது ஜாஸே அல்ல, ஜாஸுக்கு விரோதம் என்ற பொருளில் ஒரு சொல்லை எழுதினார். சுருக்கமான சொல், சுலபத்தில் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் சொல். அத்தகைய சொற்களுக்குக் கால்கள் அதிகம். 1962-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அதே பத்திரிகை, இரண்டு வித்வான்களையும் அழைத்து விமரிசகர்களுக்குப் பதில் சொல்லச் சந்தர்ப்பம் கொடுத்தது. கோல்ட்ரேன் அதில் யாரையும் திட்டவில்லை. தமக்கு என்ன விளங்கவில்லை என்று விமரிசகர் வித்வானிடமே வந்து கேட்கலாமே என்ற தோரணையில் பேசியிருக்கிறார். இதைப் படித்தபோது நாற்காலி நமக்குக் கொஞ்சம் குத்த ஆரம்பித்தது.

நம் கதை 1987-ம் வருஷத்தது. காவேரிக் கரையில் ஓர் ஊர். கோயில் உற்சவத்தில் நாகஸ்வரம். வாசித்தவர் இருபத்துநான்கு இருபத்தைந்து வயது இளைஞர். பெயர் வேண்டாம். நாம் முன் வரிசையில் குறிப்புப் புத்தகமும் பேனாவுமாக, விமரிசகர் என்று ஊருக்கெல்லாம் தெரியும்படி உட்கார்ந்திருந்தோம். ஒன்பதரை மணிக்குக் கரகரப்பிரியையைத் தொடங்கினார். தொடங்கினவர் தொடங்கினவர்தான். பத்து மணி ஆயிற்று, பத்தேகால் ஆயிற்று. ராகம் இன்னும் மத்திய ஸ்தாயியிலேயே எதையோ தேடிக்கொண்டிருந்தது. நடுவில் சீவாளியை மாற்றினார். மறுபடியும் மாற்றினார். நமக்கு அலுப்புத் தட்டியது. அடுத்த வாரத்துப் பத்திரிகையில் இப்படி எழுதினோம்: "வித்வான் சீவாளியை மூன்று தடவை மாற்றினார். ராகத்தை ஒரு தடவையாவது மாற்றியிருக்கலாம்."

நம் ஆயுளில் எழுதியவற்றுள் ரொம்பப் பிரசித்தமான வாக்கியம் இதுதான். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. சபை வாசலில் தெரியாதவர்கள் எல்லாம் வந்து அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் அந்தக் கோயிலில் வேறு நாகஸ்வரம் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டோம். சில வருஷத்துக்குப் பின் சென்னையில் ஒரு கல்யாணத்தில் அதே வித்வானைக் கண்டோம். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு துக்கடா வீதம், சினிமாப் பாட்டும் காவடிச் சிந்துமாக அழகாக நறுக்கி நறுக்கி வாசித்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டுக் கைகூப்பினார். அதை நாம் மரியாதை என்று எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனோம்.

ஒரு விஷயத்தை மட்டும் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்று இரவு நம் ஊருக்குக் கடைசி பஸ் பத்தே முக்காலுக்கு. பத்தரைக்கு நாம் எழுந்து போய்விட்டோம். இரண்டு சீவாளிதான் நம் கண்ணால் கண்டது. மூன்றாவது நம் கற்பனை. வாக்கியத்தின் ஓசைக்காகச் சேர்த்துக்கொண்டது.

மறுநாள் மருமான் வெளியே போயிருந்த சமயம் பார்த்து, நாமே தட்டை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். விரலை மடக்கி ஆவர்த்தனத்தை எண்ணிக்கொண்டே கேட்டோம். ஐம்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. ஆனால் ஒரு விஷயம் தெரிந்தது. நாம் முதல் நாள் எழுந்து போன இடத்துக்கு அப்பால் சங்கீதம் வேறாக இருக்கிறது. முதலில் ஒவ்வொரு பிடியையும் அவர் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார். சில தேறுகின்றன, சில தேறவில்லை. தேறாதவற்றையும் ஒளிக்காமல் நம் எதிரிலேயே போட்டுவிட்டு மேலே போகிறார். பாதிக்கு மேல், தேய்த்த இடங்களிலிருந்தே ஒன்று கிளம்புகிறது. தோல் வாத்தியக்காரர் அதை உடனே பிடித்துக்கொண்டு கீழேயிருந்து தூக்குகிறார். கடைசி நான்கு நிமிஷம் யார் யாரை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்றே தெரியவில்லை. எல்லாம் நமக்குப் பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டோம். ஸாக்ஸபோன் கிறீச்சிடும் சில இடங்களில் இன்றைக்கும் நமக்குப் பல் கூசுகிறது. ஆனால் விவஸ்தை இல்லாத மனிதர் என்று மட்டும் சொல்ல முடியாது.

அந்த வாரம் முழுவதும் நம் வீட்டில் அதே சங்கீதம். நான்கு இரவுகளிலும் பதிந்தவை அனைத்தையும் 1997-ல் ஒன்றாகத் தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். மருமான் அதையும் தன் டெலிபோனில் வைத்திருந்தான். 'இந்தியா' என்றே பெயரிட்ட ஓர் உருப்படியை அவர் அங்கே பல தடவை வாசித்திருக்கிறார். ஒரே சுருதி அடியில் ஓட, மேலே நேரான ஸாக்ஸபோன். சில இரவுகளில் அஹ்மத் அப்துல் மாலிக் என்பவர் கீழ்த்திசைத் தந்தி வாத்தியம் ஒன்றை மீட்டிச் சுருதிக்குப் பலம் சேர்த்திருக்கிறார். கோல்ட்ரேனுக்கு நம் தேசத்துச் சங்கீதத்தில் இருந்த ஈடுபாடு வெறும் பெயரளவில் நிற்கவில்லை. ஸிதார் மேதை ரவிசங்கரைச் சந்தித்து நம் முறைகளைக் கேட்டறிந்தார். 1965-ல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். அந்த ரவி கோல்ட்ரேனும் இன்று ஸாக்ஸபோன் வித்வான். தகப்பனார் 1967-ம் வருஷம் ஜூலை மாதம் நாற்பதே வயதில் ஈரல் நோயால் மறைந்தார்.

மருமான் ஊருக்குத் திரும்ப நான்கு நாள் இருந்தது. "வா, ஓரிடத்துக்குப் போய்வரலாம்" என்று அழைத்துக்கொண்டு காவேரிக் கரைக்குப் புறப்பட்டோம். எதற்கு என்று வீட்டில் சொல்லவில்லை.

வித்வானுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. தலை முழுவதும் வெளுத்திருக்கிறது. அதே ஊரில் ஒரு சிறிய கோயிலில் கால பூஜைக்கு வாசிக்கிறார். பிள்ளை செல்போன் கடை வைத்திருக்கிறான். நம்மைப் பார்த்ததும், "வாங்க, ஐயா" என்று திண்ணையில் பாயை விரித்தார். எதற்கு வந்தோம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. "பையன் ஒரு மேல்நாட்டு வாசிப்புக் கொண்டு வந்திருக்கிறான். நீங்கள் கேட்க வேண்டும்" என்று மட்டும் சொன்னோம். மருமான் உள்ளங்கை அகலத்தில் ஒரு டப்பாவை எடுத்து வைத்து, இரண்டாம் பக்கத்தைப் போட்டான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தொடையின்மேல் விரல்கள் அசைந்தன. வீட்டு அம்மாள் கொண்டு வந்து வைத்த காபி ஆறிப்போயிற்று. பதினாறு நிமிஷமும் அவர் அசையவில்லை. முடிந்து, சிலர் கைதட்டும் ஓசையும் அடங்கிய பிறகு கண்ணைத் திறந்து முதலில் கேட்ட கேள்வி, "தவில் யாருங்க?" என்பதுதான்.

மருமான் எல்வின் ஜோன்ஸைப் பற்றிச் சொன்னான்.

"பெரிய கை. அந்தக் கை இல்லேன்னா இவரு அங்கே போயிருக்க முடியாது. பன்னிரண்டு நாலுதானே கணக்கு? நாலஞ்சு சுத்திலே பிடிபட்டுப் போச்சு. ஊதறவரு சில இடத்திலே பிசிறடிக்கிறாரு, பார்த்தீங்களா? தெரியாம இல்லே. நாணல் தாங்கற வரைக்கும் தாங்கட்டும்னு விட்டுப் பார்க்கிறாரு." கொஞ்சம் நிறுத்தி, "இவரைப் பத்தி அந்த ஊரிலே என்ன எழுதினாங்க?" என்று கேட்டார்.

மருமான் 'டவுன் பீட்' கதையைச் சொன்னான். வித்வான் சிரித்தார். சிரித்துக்கொண்டே நம்மைப் பார்த்தார்.

அப்போதுதான் சொன்னோம். கடைசி பஸ்ஸைச் சொன்னோம். மூன்றாவது சீவாளியையும் சொன்னோம். சொல்லும்போது திண்ணைக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க எழுந்து போனது தெரியுமுங்க. முன்னாலே வெள்ளைச் சட்டை ஒண்ணு எழுந்தா மேடையிலேருந்து தெரியாதா?" என்றார். "எழுதினது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். நீங்க இருந்த வரைக்கும் ராகம் எனக்கு அமையலே. தேடிக்கிட்டுத்தான் இருந்தேன். பதினோரு மணிக்கு மேலேதான் கிடைச்சுது. பன்னிரண்டு வரைக்கும் வாசிச்சேன். அன்னிக்கு வாசிச்ச மாதிரி அப்புறம் ஒரு நாளும் எனக்கு வரலே."

"அப்புறம் ஏன் அவ்வளவு நேரம் வாசிக்கவில்லை?" என்று மருமான் கேட்டான். சின்னப் பையன்; கேட்டுவிட்டான்.

"யாரு தம்பி நேரம் குடுத்தாங்க?" என்றார்.

அர்த்தஜாம பூஜைக்கு அவர் கோயிலுக்குப் புறப்பட்டார். நாமும் கூடவே போனோம். பூஜை முடிந்தது. நாலைந்து பேர் விபூதி வாங்கிக்கொண்டு போனார்கள். குருக்கள் உள்ளே சந்நிதியைப் பூட்டிவிட்டு, வெளிக் கதவைச் சாத்தும்போது கூப்பிடச் சொல்லி மடைப்பள்ளித் திண்ணையில் சாய்ந்துவிட்டார். வித்வான் மண்டபத்தில் உட்கார்ந்து, நாகஸ்வரத்தில் தொங்கிக்கொண்டிருந்த சீவாளிகளில் ஒன்றை எடுத்து ஊசியால் துளாவி, வாயில் வைத்து ஈரப்படுத்தினார். தவில்காரப் பையன் வீட்டுக்குப் போகலாம் என்று வாத்தியத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தவன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உறையைக் கழற்றினான்.

கரகரப்பிரியை. ஒன்றே கால் மணி நேரம். இதைப் பற்றியும் நம் அபிப்பிராயத்தை எழுதிவிடுகிறோம். மூச்சு பழைய மாதிரி இல்லை. மேல் ஸ்தாயியில் இரண்டு இடத்தில் சுருதி தளும்பியது. முதல் இருபது நிமிஷம் ராகம் சண்டித்தனம் செய்தது. அதற்குப் பிறகு நடந்ததை எழுத நம்மிடம் வாக்கியம் இல்லை. இருந்தாலும் அதைப் பத்திரிகையில் போடுவதாக உத்தேசமில்லை. சீவாளியை அவர் ஒரே தடவைதான் மாற்றினார். நாம் எண்ணிக்கொண்டிருந்தோம்.

இப்போதெல்லாம் அந்த ஊரிலிருந்து கடைசி பஸ் ஒன்பதே முக்காலுக்கே போய்விடுகிறது. அன்று இரவு வித்வான் வீட்டுத் திண்ணையில் மருமானும் நாமும் படுத்துக்கொண்டோம். கொசு அபாரம். காலையில் அந்த அம்மாள் இட்லி வார்த்துப் போட்டார்கள். ஆறரை மணி பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.